வாசகர் கேள்வி – பதில்: கூரையில் துளை போட்ட போயிங்

கேள்வி: அமெரிக்க விமானப்படையின் பழைய டி-43 விமானத்தைப் படத்தில் பார்த்தேன். அச்சு அசல் போயிங் 737. ஆனால் ஜன்னல்கள் குறைவு. கூரையில் துளைகளும் உண்டாமே, எதற்கு?
— கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்

பதில்: அது பறக்கும் வகுப்பறை. இரட்டை ஜெட் 737-200ஐ மாற்றியமைத்து மொத்தம் 19 கட்டினார்கள். படித்தவர்கள் விமானிகள் அல்ல, வழி கணிக்கும் நேவிகேட்டர் அதிகாரிகள். அவர்கள் கண் ராடாரிலும் வரைபடத்திலும் இருக்கும், ஜன்னல் எதற்கு? மாணவர்களுக்கு 12 இருக்கைகள், மேல்நிலைப் பயிற்சிக்கு 4. பின்பக்கச் சரக்கறையில் 800 காலன் கூடுதல் எரிபொருள் தொட்டி. 2010இல் இந்தப் பயிற்சியிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

கூரைத் துளைகள் ஐந்தும் செக்ஸ்டன்டுக்கு, அதாவது நட்சத்திரத்தின் உயரக் கோணத்தை அளக்கும் கருவிக்கு. பெரிஸ்கோப் போன்ற குழாயை மேலே செருகி, உள்ளிருந்தபடியே நட்சத்திரம் பார்ப்பார்கள். விமானம் இருப்பதாக ஊகிக்கும் இடத்திலிருந்து, குறித்த நேரத்தில் நட்சத்திரம் எத்தனை டிகிரி உயரத்தில் தெரிய வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டிருக்க வேண்டும். பிறகு நட்சத்திரத்தைக் குமிழியின் நடுவில் நிறுத்தி, இரண்டு நிமிடம் விடாமல் பிடித்துச் சராசரி எடுக்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டம் போன்றதுதான் அந்தக் குமிழி. விமானம் லேசாகத் திரும்பினாலும் ஓடிவிடும். அதனால் ஒரே பார்வையை நம்ப முடியாது.

கணக்குக்கும் பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு கலைக்கு (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஊகித்த இடத்திலிருந்து ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. விலகல். ஒரு நட்சத்திரம் வரைபடத்தில் ஒரு கோடுதான் தரும், விமானம் அதில் எங்கோ இருக்கும். வெவ்வேறு திசையில் மூன்று பார்த்தால் சின்ன முக்கோணம் விழும். விமானம் அநேகமாக அங்கேதான். ஆனால் நிமிடத்துக்கு 7 மைல் பறக்கும்போது, முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் 8 நிமிட இடைவெளி என்றால் 56 மைல் ஆயிற்றே! முதல் கோட்டை அவ்வளவு தூரம் முன்னே நகர்த்த மறந்தால் முக்கோணம் பூதாகரமாகிவிடும். கடிகாரம் 4 விநாடி பிசகினாலே ஒரு மைல் வரை போச்சு.

கேள்வி: வெள்ளிக் கடற்கரையிலிருந்து துருவ நட்சத்திரத்தை வைத்து இதைச் செய்து பார்க்கலாமா?
— பள்ளி ஆசிரியை, மஞ்சக்குப்பம்

பதில்: தாராளமாக. அங்கே கடல் கிழக்கே. வடக்கில் கரைதான், தொடுவானம் தெளிவாகக் கிடைக்காது. எனவே கோணமானியில் நூலும் தூக்குக்குண்டும் கட்டிக்கொள்ளுங்கள். கடலூரின் அட்சரேகை சுமார் 11.75 டிகிரி, நட்சத்திரமும் ஏறக்குறைய அதே உயரத்தில் தெரியும். அது சரியாகத் துருவத்தில் இல்லை, சுமார் 0.6 டிகிரி விலகிச் சுற்றுகிறது. அதையும் திருத்த வேண்டும். கோணமானி ஒரு டிகிரி கூட்டிக் காட்டினால், கணக்குப்படி நீங்கள் மாமல்லபுரத்தைத் தாண்டி கோவளம் பக்கம் நிற்பீர்கள்.