திங்கட்கிழமை அந்த நிலத்தை உடைக்க விடாதீர்கள்

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோவில், மார்க்கம் நகரிலுள்ள எங்கள் வீட்டைத் திருத்தினோம். மரத் தளத்தின் மேல் சுடுநீர்க் குழாய் ஓட்டி, ஒன்றரை அங்குலக் கொங்கிரீட் ஊற்றி, டைல் பதித்தவர் எங்கள் ஊர்க்காரர், எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். 42,000 டொலரில் 33,000 கொடுத்துவிட்டோம். வேலை முடிந்து ஆறு வாரம். நிலம் முழுக்க வெடிப்பு, டைல் கழன்று வருகிறது. மிச்சக் காசு தராவிட்டால் லீன் போடுவேன், அதாவது அந்தக் கடனை எங்கள் வீட்டின் மேல் பதிவேன் என்கிறார். வேறொருவர் திங்கட்கிழமை எல்லாவற்றையும் உடைத்து, 38,000க்குப் புதிதாகப் போட வருகிறார். முன்னவரை எப்படித் தண்டிப்பது?

பதில்: சிவில் கோர்ட் பொதுவாக யாரையும் தண்டிக்காது, நட்டத்தைத்தான் கணக்குப் பார்க்கும். ஊர்க்காரர் என்பது உங்களை எவ்வளவு நோகடித்திருக்கும் என்று புரிகிறது. வழக்கில் அதற்கு இடமில்லை. அங்கே கேட்கப்படுவது ஒன்றுதான்: நிலம் ஏன் வெடித்தது?

ஒன்றரை அங்குலக் கொங்கிரீட் சதுர அடிக்குச் சுமார் 18 இறாத்தல் பாரம். கீழே தளத்தைத் தாங்கும் ஜொயிஸ்ட் மரங்கள் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் ஊற்றியிருந்தால் அது அவர் பிழை. கலவையில் தண்ணீர் கூடியிருந்தாலும், குழாயின் மேல் கொங்கிரீட்டின் தடிப்பு குறைந்திருந்தாலும் அப்படியே. ஆனால் கொங்கிரீட் இறுகுமுன் ஹீட்டைப் போட்டாலும் வெடிக்கும். மூன்று நான்கு வாரம் பொறுத்து, பிறகும் சூட்டை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். நீங்கள் அனுப்பிய வட்ஸ்அப் படத்தில், ஊற்றி ஒன்பதாம் நாள் நீங்களே கேட்டிருக்கிறீர்கள்: "தம்பி, பிள்ளையளுக்குக் குளிருது, ஹீட்டைப் போடட்டே?" பதிலுக்கு அவர் போட்டது ஒரு கட்டைவிரல் படம் மட்டும். அவர் சம்மதித்தார் என்பீர்கள் நீங்கள். எவ்வளவு சூட்டில் போடப்போகிறீர்கள் என்று சொல்லவில்லையே என்பார் அவர். இரண்டையும் நீதிபதி கேட்பார்.

ஆகவே காரணத்தைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த நிலம்தான். அதைத்தான் திங்கட்கிழமை குப்பைத் தொட்டியில் ஏற்றி அனுப்பப் போகிறீர்கள்.

இதே தவறோடு வந்த ஒரு குடும்பம் இன்னும் என் மனதில் நிற்கிறது. நூற்றுக்கு மேல் படம் வைத்திருந்தார்கள், எல்லாம் வெடிப்பின் படம். எதிர்த்தரப்பு எஞ்சினியர் கேட்டது ஒன்றே: கொங்கிரீட்டின் தடிப்பு எவ்வளவு? காட்ட ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. புது நிலத்துக்குக் கட்டிய காசும் போய், பழைய கொன்ட்ராக்டரின் மிச்சக் காசையும் கட்டினார்கள்.

திங்கள் வேலையை நிறுத்துங்கள். லைசென்ஸ் உள்ள எஞ்சினியரை எடுத்து, இன்ஃப்ராரெட் கமராவால் குழாய் ஓடும் இடத்தைப் பார்த்து, அதில் படாமல் இரண்டு மூன்று இடத்தில் கோர், அதாவது உருளையாகத் துளைத்தெடுக்கும் மாதிரித் துண்டு, வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். அதற்குமுன் பழையவருக்கு எழுத்தில் திகதி கொடுங்கள். விரும்பினால் தன் எஞ்சினியரோடு வரலாம் என்றும் எழுதுங்கள். வராவிட்டால் அது அவர் பாடு. திருத்தித் தருகிறேன் என்றால் எப்படி, எப்போது என்று எழுத்தில் வாங்குங்கள். சந்தர்ப்பமே கொடுக்கவில்லை என்று பிறகு சொல்ல இடம் வைக்காதீர்கள்.

லீன் வெறும் மிரட்டல் அல்ல. அதைப் பதிய அவருக்கு வேலை முடிந்ததிலிருந்து 60 நாள். ஆறு வாரம் போய்விட்டது, அவர் அவசரப்படுவார். பதிந்தால் மோர்ட்கேஜ் மாற்றுவதே சிக்கலாகும். வழக்குப் போட உங்களுக்கு இரண்டு வருடம். பேச்சு நடக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்கும் என்று நம்பாதீர்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமாதானத்துக்குப் போங்கள். 2025 ஒக்டோபரிலிருந்து சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்டின் எல்லை 50,000 டொலர், உங்கள் தொகை அதற்குள் அடங்கும். ஆனால் வென்றாலும் சட்டத்தரணி செலவாகக் கிடைப்பது பொதுவாகக் கேட்ட தொகையின் 15 வீதத்துக்கு மேல் போகாது. அந்த ஒன்பதாம் நாள் விஷயம் உங்களுக்குக் கிடைப்பதையும் குறைக்கலாம். 9,000 டொலரை அவர் விட்டுவிட்டு, புது வேலையின் ஒரு பகுதியையும் கட்ட முன்வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். லீன் பதிந்திருந்தால், அதை எந்தத் திகதிக்குள் நீக்குவார் என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி, நீக்கிய பிறகே, இனி அவரிடம் எதுவும் கேட்கமாட்டோம் என்று நீங்கள் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரத்தை அவர் கையில் கொடுங்கள்.