மரம் நடுவதற்கு ஒரு டிகிரியா? ஆத்தூர் அப்பாவுக்கு ஒரு பதில்

வணக்கம் சார்.

மகள் பிளஸ் டூவில் உயிரியல்-கணிதப் பிரிவு, நல்ல மார்க் வாங்குகிறாள், ஆனால் நர்சிங், அக்ரி, இன்ஜினியரிங் என்று எதைச் சொன்னாலும் காதில் வாங்காமல் சூழலியல்தான் படிப்பேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "மரம் நடுறதுக்கும் பிளாஸ்டிக் பொறுக்குறதுக்கும் ஒரு டிகிரி எதுக்குங்க?" என்றும் கேட்டிருந்தீர்கள். ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருப்பதாகச் சொன்னீர்களே, அது எனக்கு நல்ல வசதியாகப் போயிற்று. உங்கள் மகள் படிக்க ஆசைப்படும் பாடத்தில் பாதியை உங்கள் ஆலையை வைத்தே சொல்லிவிடலாம்.

குச்சிக்கிழங்கை அரைத்து, சக்கையான திப்பியைப் பிரித்து, மாவுப்பாலைத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் படிகிறது. மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுகிறோம். அந்தத் தண்ணீர் ஒரே நாளில் புளித்து நாறும். கிழங்கிலிருந்து வரும் சயனைடு கொஞ்சம் இருக்கும், ஆனால் பெருமளவு இருப்பது மாவுச்சத்துதான். அப்புறம் ஏன் அது ஓடையில் கலந்தால் மீன் சாகிறது? மாவைத் தின்ன பாக்டீரியா கோடிக்கணக்கில் பெருகுகிறது, அத்தனையும் மூச்சுவிடத் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை இழுக்கிறது, மீனுக்கு மிச்சம் இருப்பதில்லை. இப்படித் தண்ணீரில் உள்ள கழிவைத் தின்று தீர்க்க பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கைத்தான் பிஓடி என்கிறார்கள். உங்கள் ஆலைக்கு வரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் வாயில் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். சுத்திகரித்த கழிவுநீரை ஆறு, ஓடையில் விட வேண்டுமானால் பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சுத்திகரிக்காத சேகோ கழிவுநீரில் அது ஆயிரத்தைத் தாண்டும்.

இதை எப்படி அளக்கிறார்கள் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், படிப்பின் ருசி அங்கேதான் இருக்கிறது. 300 மில்லி பிடிக்கும் கண்ணாடி பாட்டிலில் ஒரு காற்றுக்குமிழிகூட நுழையாமல் தண்ணீரை நிரப்பி மூட வேண்டும். அதில் மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடு கரைசலும் விட்டால், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். சுத்தமாக இல்லையென்றால் வெள்ளையாகத் திரியும். பிறகு அமிலம் விட்டுக் கரைத்து, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, கடைசியில் ஸ்டார்ச் கரைசலைச் சேர்ப்பார்கள். நீலம் வரும். அந்த நீலம் மறையும் சொட்டில் நிறுத்தி, செலவான தயோசல்பேட்டின் அளவைக் குறிப்பார்கள், அதிலிருந்து தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் அளவு கிடைக்கும். இதே தண்ணீரில் இன்னொரு பாட்டிலை 27 டிகிரியில் மூன்று நாள் இருட்டில் வைத்திருந்து மறுபடி அளந்தால், எவ்வளவு ஆக்சிஜன் தின்னப்பட்டது என்று தெரியும். கழிவுநீர் ரொம்பக் கெட்டியாக இருந்தால் முன்னாடியே நீர்த்துக்கொள்ள வேண்டும். கை பதறாமல், பொறுமை இழக்காமல் இதை நூறு பாட்டிலுக்குச் செய்பவர்தான் சுற்றுச்சூழல் விஞ்ஞானி. இது முழுக்க முழுக்க அளவெடுக்கும் படிப்பு சார். மரம் நடுவது நல்ல காரியம், ஆனால் எந்த மரத்தை எங்கே நட்டால் பிழைக்கும், அங்கே ஏற்கெனவே இருந்த புல்வெளி என்ன ஆகும் என்று சொல்ல இந்தப் படிப்பு வேண்டும்.

எல்லா டிகிரியிலும் சுற்றுச்சூழல் ஒரு கட்டாயத் தாளாக இருக்கிறது. 1991-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுதான் அதற்கு ஆரம்பம். உத்தரவு நல்லதுதான். ஆனால் பல இடங்களில் அதைக் கடைசி வாரம் படித்துப் பாஸாகும் தாளாக ஆக்கிவிட்டார்கள். படிப்பையே பலரும் லேசாக நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். சூழலியல் வேறு, சுற்றுச்சூழல் அறிவியல் வேறு. உயிர்கள் ஒன்றோடொன்றும், மண், தண்ணீர், வெயிலோடும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று கேட்பது சூழலியல். மனிதர் செய்யும் வேலையால் காற்றும் நீரும் மண்ணும் என்ன ஆகின்றன, அதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்பது சுற்றுச்சூழல் அறிவியல். உங்கள் ஆலைக் கழிவுநீர் இரண்டாவது வகை. முதல் வகையைப் பார்க்க ஏற்காட்டுக்கு பஸ் ஏறினால் போதும். சேலத்திலிருந்து மேலே போவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள், 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பதால் கீழே வெயில் கொளுத்தும்போது மேலே எட்டு டிகிரி இதமாக இருக்கிறது. அடிவாரத்தில் முள்ளும் கள்ளியும், நடுவில் மூங்கிலும் இலையுதிர் மரங்களும், மேலே போனால் காபி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் அது. காபிக்கு நிழல் தர இன்று அங்கே நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். நம் காட்டு மரங்களின் நிழலில் வளரும் காபித் தோட்டத்தில் எத்தனை வகைப் பறவை, சில்வர் ஓக் மட்டும் உள்ள தோட்டத்தில் எத்தனை வகை? இது நல்ல சூழலியல் கேள்வி. விடை வேண்டுமென்றால் பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம் போட்டு, ஒவ்வொரு மரத்தையும் 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து, விடியற்காலை பறவைகளை எண்ணி, கடைசியில் புள்ளியியலில் உட்கார வேண்டும். பாப்பா கணிதம் எடுத்திருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. பலர் கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிறார்கள், முதுகலையில் புள்ளியியல் வந்ததும் திணறுகிறார்கள்.

சரி, எங்கே சேர்ப்பது? என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இளங்கலையிலேயே சுற்றுச்சூழல் அறிவியல் என்று பெயர் போட்ட படிப்புக்கு அவசரப்பட வேண்டாம். தாவரவியல், விலங்கியல், வேதியியல் இவற்றில் ஒன்றை முதலில் ஆழமாகப் படிக்கட்டும். சேலம் அரசுக் கலைக் கல்லூரியிலேயே மூன்றும் இருக்கின்றன, செலவும் குறைவு. நான் இப்படிச் சொல்ல முக்கியக் காரணம் யுபிஎஸ்சி. இந்திய வனப் பணித் தேர்வு எழுத, பட்டப்படிப்பில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். அந்தப் பட்டியலில் சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் இல்லை. பட்டம் வாங்கிய பிறகு இது தெரியவந்தால் ரொம்ப வருத்தமாக இருக்கும். காடுதான் ஆசை என்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் இளங்கலை இருக்கிறது, அதற்கு வேளாண் பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

முதுகலைக்குப் பெரியார் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் துறை பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியலும் சுற்றுச்சூழலும் சேர்ந்த முதுகலை உண்டு. வனவிலங்கு என்றால் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் வனவிலங்கு நிறுவனம். ஆராய்ச்சி வரை போகும் எண்ணம் இருந்தால் கேட் (GATE) தேர்வில் சூழலியலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் தனித்தனித் தாள்கள் இருக்கின்றன.

வேலையைப் பற்றி ஆசை காட்டிப் பேச மாட்டேன். ஆரம்பச் சம்பளம் ஐடி வேலையைப் போல இருக்காது, வேலை கிடைக்கவும் முதுகலை வரை போக வேண்டியிருக்கும். ஆனால் வேலை உண்டு. 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் மூன்றும் ஆலைகளை அளந்து காட்டச் சொல்கின்றன. அளக்க ஆள் வேண்டும். சுரங்கமோ பெரிய ஆலையோ தொடங்க, 2006 அறிவிக்கையின்படி பல திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தேவை. மாக்னசைட் சுரங்கமும் கல் குவாரியும் உள்ள நம் மாவட்டத்தில் இந்த வேலை ஓயாது. தனியார் ஆய்வகம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், ஆலோசனை நிறுவனம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கல்லூரி ஆசிரியர் பணி என்று வழிகள் இருக்கின்றன. சேகோ கழிவுநீரைக் காற்றுப் புகாத கலனில் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கும் ஆலைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதை ஓட்டத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடிக்கொண்டுதான் போகிறது.

பெண் பிள்ளை காட்டில் அலைய வேண்டுமே என்ற பயத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் எல்லா அப்பாக்களுக்கும் அது இருக்கும். காட்டு ஆய்வில் யாரும் தனியாகப் போவதில்லை, குழுவாக, வனத்துறை அனுமதியோடுதான் போகிறார்கள். ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் உட்கார்ந்து செய்யும் வேலையும் நிறைய. எது வேண்டும் என்பதை இளங்கலை முடித்தபின் அவளே முடிவு செய்யட்டும்.

அதுவரை அவள் ஆர்வம் எவ்வளவு உறுதியானது என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பக்கத்து ஏரி ஒன்றை எடுத்துக்கொண்டு, பரீட்சை முடிந்ததும் வாரம் ஒருநாள் ஒரே நேரத்துக்குப் போய் வரட்டும். கூடவே நீங்களும் போங்கள். நீர்மட்டம், ஆகாயத்தாமரை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, என்னென்ன கொக்கு, நாரை, எத்தனை என்று நோட்டில் எழுதட்டும். பாசி பிடித்த ஏரியில் விடியலுக்கு முன் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். பகலில் ஆக்சிஜன் விடும் பாசி இரவெல்லாம் அதையே இழுத்துக்கொள்வதால் அந்த நேரத்தில்தான் தட்டுப்பாடு உச்சம். இதைக் கண்ணால் பார்த்து, ஏன் என்று கேட்டு, அடுத்த வாரமும் அதே நோட்டோடு போகிறாளா என்று பாருங்கள். மூன்றாம் வாரத்தில் அலுத்துவிட்டால் அதுவும் பயனுள்ள தகவல்தான், திட்ட வேண்டாம்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் விளம்பரப் பலகையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துறைத் தலைவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: ஆய்வகத்தைப் பார்க்கலாமா, மாணவர்கள் கடைசியாக எங்கே களப்பயணம் போனார்கள், போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள் அல்லது வேலை செய்கிறார்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தை விட்டுவிடுங்கள். அரசுக் கல்லூரிக்கான ஆன்லைன் விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் திறக்கும், சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.