காதுக்கு முன்னால் ஒரு வலி

கேள்வி: தக்கலை அருகே வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். வயது 41. ஏழெட்டு மாதங்களாக வலது காதுக்கு முன்னால் குத்தலும், கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் கனத்த வலியும் இருக்கின்றன. காலையில் எழும்போதே தாடை இறுகிக் கிடக்கிறது. கொட்டாவி விட்டால் ‘டக்’ என்று சத்தம் கேட்கிறது. காதில் குறையில்லை என்று காது மருத்துவர் கூறிவிட்டார். ஒரு பல் மருத்துவமனையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள், வலி குறையவில்லை. இப்போது பக்கத்துப் பல்லையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: சகோதரி, எக்ஸ்ரேயில் ஆழமான சொத்தையோ சீழோ தெரிந்தாலொழிய அந்தப் பல்லை எடுக்க இசையாதீர்கள். நீங்கள் விவரித்திருக்கும் வலி பல்லில் பிறப்பதாகத் தோன்றவில்லை. தாடை மூட்டிலும் அதை இயக்கும் மெல்லும் தசைகளிலும் பிறந்து, காதுக்கும் பல்லுக்கும் பரவுவதாகவே தோன்றுகிறது. காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலடியில் உருண்டு நகர்வதுதான் அந்த மூட்டு. மண்டையோட்டுக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே ஒரு மெல்லிய தட்டு மெத்தைபோல் இருக்கிறது. அது சற்று முன்னே நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது எலும்பு மீண்டும் அதன்மேல் ஏறுகையில் ‘டக்’ என்று கேட்கும். வலியில்லாத வெறும் சத்தத்துக்கு மருத்துவமே தேவையில்லை.

தையல் மிஷினில் குனிந்திருக்கும்போது உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். பெரும்பாலும் இருக்கும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரத்தில் பற்கள் தொடவே கூடாது என்பது பலருக்குத் தெரியாது. வேலையில் மனம் ஒன்றும்போதும் கவலை மிகும்போதும் நாம் அறியாமலேயே கடித்துக்கொண்டிருப்பதால், கன்னத் தசை நாள் முழுவதும் சுமை தூக்கிய தோள்போல் அயர்ந்துபோகிறது. இரவில் உறக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குக் காலை இறுக்கம் கூடுதலாக இருக்கும். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். சிறு கத்தரியைக் கையெட்டும் தூரத்தில் தொங்கவிடுங்கள். மிஷின் தலையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, அது கண்ணில் படும்போதெல்லாம் உதடு மூடி, பற்கள் விலகி, நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் மென்மையாகத் தங்கும்படி வையுங்கள். மாத்திரையைவிட இந்தப் பழக்கத்தின்மீதே எனக்கு நம்பிக்கை அதிகம்.

சில வாரங்களுக்குத் தாடைக்கு ஓய்வு தேவை. பயறு சேர்த்த கஞ்சி, குழைய வேகவைத்து மசித்த மரச்சீனியும் முள் நீக்கிய மீனும், பழம் பிசைந்த புட்டு ஆகியவை போதும். முந்திரிக்கொத்து, சக்கை வற்றல், மரச்சீனி வற்றல் ஆகியவற்றை வீட்டார் தின்னும்போது பார்த்துக்கொண்டிருப்பது கடினம்தான், ஆனாலும் தவிருங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை நாளுக்கு இரண்டு முறை, 15 நிமிடம் கன்னத்தில் வைத்து, பிறகு விரல் நுனிகளால் மெதுவாகத் தடவிவிடுங்கள். கொட்டாவி வரும்போது முஷ்டியால் மோவாயைத் தாங்கினால் வாய் அளவுக்கு மீறித் திறக்காது. வலிநிவாரணி மாத்திரையைச் சில நாள்களுக்கு மேல் தானாக விழுங்கக் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் குறை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடவே வேண்டாம்.

இவ்வளவு செய்தும் ஓரிரு மாதங்களில் தேறவில்லையென்றால், வாய் முகத் தாடை மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் பற்களின்மேல் அணியும் ‘நைட் கார்டு’ என்ற காப்புறை சிலருக்கு உதவும். ஆனால் வலி தீர்வதற்காகப் பற்களைத் தேய்த்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதத்தை மாற்றலாம் என்று யாராவது கூறினால் மறுத்துவிடுங்கள். தேய்த்த பல் திரும்ப வளராது. இந்த வலிக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவோர் மிகச் சிலரே. வாயில் மூன்று விரல்களை நிறுத்திவைக்க முடியாத அளவுக்குத் திறப்பு குறைந்தால் மட்டும் காலம் தாழ்த்தாதீர்கள். குறிப்பாக, பாக்கு போடும் வழக்கம் உடையவர்களுக்கு வாய் உள்தோல் நாராக இறுகுவதும் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: குளச்சலில் இருக்கும் என் அப்பாவுக்கு 68 வயது. சாப்பிடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் தாடை வலித்து, நிறுத்தினால் அடங்குகிறது. தலை சீவினால் பொட்டில் வலிக்கிறது என்கிறார். நேற்று ஒரு கண் மங்கித் தெளிந்ததாம். இதுவும் தாடை மூட்டு வலிதானா?

பதில்: அல்ல. இதழ் அச்சாகும்வரை காத்திருக்க முடியாதென்பதால் உங்களுக்கு உடனே தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களும் அறியட்டும் என்றே இங்கே வெளியிடுகிறேன். 50 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வந்தால், தலையின் இரத்தக் குழாய்களில் ஏற்படும் அழற்சியாக இருக்கக்கூடும். நம்மிடையே அரிதுதான், ஆயினும் சிகிச்சை தாமதித்தால் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். அன்றைக்கே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அதுபோன்ற பெரிய மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே தாடை வலி என்று தொடங்காமல், கண் மங்கியதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.