டிராக்டர் கேள்வி பதில்: மினி டிராக்டருக்கு தனியா ஆர்பிஎம் மீட்டர்

கேள்வி: வணக்கம்ணா. தென்னந்தோப்புல ஊடு உழவுக்குன்னு பழைய மினி டிராக்டர் ஒண்ணு வாங்கினேன், டீசல் வண்டி. இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டுற ஆர்பிஎம் மீட்டர்ல முள்ளு அசையவே மாட்டேங்குது. ரோட்டவேட்டர் ஓட்டும்போது சத்தத்தை வெச்சு குத்துமதிப்பா த்ராட்டில் வெக்கிறேன், ஒரு நாள் மண்ணு பொலபொலன்னு வருது, ஒரு நாள் கட்டி கட்டியா கிடக்குது. பிளக் வயர்ல ஒரு வயரை சுத்தினா போதும்னு ஆன்லைன்ல ஒரு டிஜிட்டல் மீட்டர் பார்த்தேன், வாங்கலாமா?
வாசகர், பொள்ளாச்சி

பதில்: அதை வாங்காதீங்க தம்பி. அது பெட்ரோல் இன்ஜினுக்கானது, பிளக் வயர்ல கரண்ட் பாயுற துடிப்பை எண்ணித்தான் ஆர்பிஎம் காட்டும். டீசல்ல பிளக்கே தீப்பொறி போடுறதில்லையே, அப்புறம் அது எதை எண்ணும்?

முதல்ல ஒண்ணு பண்ணுங்க, மீட்டருக்குப் பின்னாடி ஸ்பீடோமீட்டர் கேபிள் மாதிரி ஒரு கேபிள் இன்ஜினுக்குப் போகுதான்னு பாருங்க. பழைய வண்டிகள் நிறைய அந்த வகைதான், உள்ள சுத்துற கம்பி அறுந்திருந்தா கேபிளை மட்டும் மாத்தினா முள்ளு ஏறிடும், செலவும் கம்மி.

மீட்டரே போயிடுச்சுன்னா, காந்தம் வெச்சு வேலை செய்யுற சென்சார் மீட்டர்தான் மினி டிராக்டருக்கு சரின்னு நான் சொல்லுவேன். இன்ஜினோடவே சுத்துற கிராங்க் புல்லியில ஒரு சின்ன காந்தம், அதுக்கு எதிர்ல சில மில்லிமீட்டர் தள்ளி ஒரு பிராக்கெட்ல சென்சார், டேஷ்போர்டுல நம்பர் காட்டுற மீட்டர், அவ்வளவுதான். சென்சார்ல மூணு வயர், பெரும்பாலும் பிரவுன் பிளஸ், புளூ மைனஸ், கருப்பு சிக்னல், இருந்தாலும் மீட்டரோட வர்ற படத்தைப் பார்த்தே கனெக்ஷன் குடுங்க. சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைன்ல இருந்து எடுத்து நடுவுல சின்ன ஃபியூஸ் ஒண்ணு போட்டுடுங்க. வயர் வேலை முடியுற வரைக்கும் பேட்டரி மைனஸ் கழட்டியே இருக்கணும். காந்தத்துக்கு ஒரு பக்கம்தான் சென்சார் வேலை செய்யும், அதனால ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் காட்டிப் பாருங்க.

ஒட்டுற விஷயத்துல மட்டும் அவசரப்படாதீங்க. 2500 ஆர்பிஎம்ல சுத்துற புல்லியில இருந்து காந்தம் கழண்டா தோட்டா மாதிரி பறக்கும், ரேடியேட்டரோ கண்ணோ போயிடும். கிரீஸை சுத்தமா துடைச்சு, சொரசொரன்னு தேய்ச்சு, ஸ்டீல் எபாக்ஸி போட்டு ஒரு ராத்திரி விட்டுடுங்க. எனக்கு இதைவிட பிடிச்சது இரும்பைப் பார்த்தாலே சிக்னல் குடுக்குற பிராக்ஸிமிட்டி சென்சார், புல்லியில இருக்கிற போல்ட் தலையையே அது எண்ணிக்கும், ஒட்டுற வேலையே இல்ல. ஆனா நாலு போல்ட் இருந்தா ஒரு சுத்துக்கு நாலு துடிப்பு வரும், நாலால வகுக்குற செட்டிங் உள்ள மீட்டரா வாங்கணும்.

இப்ப உங்க கட்டி பிரச்சினைக்கு வருவோம். ரோட்டவேட்டருக்கு பி.டி.ஓ, அதாவது டிராக்டர் பின்னாடி கருவியைச் சுத்த வைக்கிற தண்டு, நிமிஷத்துக்கு 540 சுத்து வேணும், அதுக்கு இன்ஜின் எவ்வளவு ஓடணும்ங்கிறது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல இருக்கும். உதாரணத்துக்கு 2400-ல 540 வர்ற வண்டியை 1800-ல ஓட்டினா பி.டி.ஓ 405 தான் சுத்தும், கட்டி உடையாது. அதுக்காக 540-க்கு மேல முறுக்கினா பி.டி.ஓ ஷாஃப்ட்ல இருக்கிற கிராஸ் ஜாயின்ட்டும் கியர் பாக்ஸும் அடி வாங்கும். உங்க வண்டிக்கான நம்பரை மீட்டர் பக்கத்துலயே பெயின்ட்ல எழுதிடுங்க. கத்தி மண்ணுல இறங்கினதும் நம்பர் கொஞ்சம் இறங்கும், அது சகஜம். ரொம்ப விழுந்தா த்ராட்டிலைத் தொடாதீங்க, கியரைக் குறைங்க, இல்லேன்னா ஆழத்தைக் குறைங்க.

கேள்வி: ஆல்டர்னேட்டர்ல டபிள்யூன்னு ஒரு முனை இருக்கு, அதுல இருந்தே மீட்டருக்கு எடுக்கலாமா?
வாசகர், தாராபுரம்

பதில்: தாராளமா எடுக்கலாம், ஆனா மீட்டர் அதுக்கேத்த டைப்பா, செட் பண்ணிக்கிற மாதிரி இருக்கணும். உள்ள 12 காந்த முனை (pole) இருக்கிற ஆல்டர்னேட்டர், புல்லி இன்ஜினைவிட ரெண்டு மடங்கு சுத்துதுன்னு வெச்சுக்கோங்க, இன்ஜின் 1000-ல செகண்டுக்கு 200 துடிப்பு வரும். கணக்கை நம்பி விட்டுடாம, புல்லியில ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டி கையில பிடிக்கிற லேசர் மீட்டரால அளந்து, அதுக்கு சமமா செட் பண்ணுங்க. பெல்ட் லூஸா இருந்தா நம்பர் கம்மியா காட்டும், அதை முதல்ல டைட் பண்ணிடுங்க.

கேள்வி: புது மீட்டர் போட்டா இன்ஜின் ஓடின மணிக்கணக்கும் அதுல ஓடுமா?
வாசகர், உடுமலை

பதில்: வெறும் ஆர்பிஎம் காட்டுற மீட்டர்ல ஓடாது. ஆயில் மாத்துறது மணிக்கணக்குப்படிதான், அதனால ஹவர் மீட்டரும் சேர்ந்த மாடலா கேட்டு வாங்குங்க, பழைய மீட்டர்ல நின்ன மணியை நோட்டுல குறிச்சு வெச்சுட்டு அதோட கூட்டிக்கோங்க.