கோழிக்கூண்டு பஞ்சாயத்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், எங்க வீட்டுல அஞ்சு பெட்டைக்கோழி ஒரு வருஷமா சண்டை சச்சரவு இல்லாம இருந்துச்சு. போன வாரம் ரெண்டு விடலைக்கோழி வாங்கி உள்ள விட்டேன், அன்னைக்கே ஆரம்பிச்சிடுச்சு. ஒரு செவலை இருக்கு, அதுதான் தலைவி. புதுசுங்க தீவனத்துகிட்ட வந்தாலே பாஞ்சு போய் மண்டையில கொத்துது. ரெண்டும் நாள் பூரா மூலையில ஒடுங்கி நிக்குதுங்க. கொத்து வாங்குறதை தனியா பிரிச்சு வைக்கலாமா?

பதில்: ரத்தம் வந்திருந்தா உடனே பிரிங்க, மத்தபடி வேணாம். பிரிக்கணும்னா அந்த செவலையைப் பிரிங்க. நிறைய பேர் பாவம்னு அடி வாங்குறதைத் தூக்கி நாலு நாள் வேற இடத்துல வச்சிட்டு திரும்ப விடுவாங்க, அப்ப அது மறுபடியும் புதுசுதான், முதல்ல இருந்து அடி. இதே கணக்கு செவலைக்கும் பொருந்தும். மூணு நாலு நாள் மத்ததுங்க கண்ணுல படாம தனியா வச்சீங்கன்னா இங்க மீதி இருக்கிறதுங்க வரிசையை மாத்திப் போட்டுக்கும், திரும்பி வர்றப்ப அதோட பழைய திமிர் அவ்வளவு சீக்கிரம் எடுபடாது. இதுக்கும் அடங்காம மீதி நாலும் சேர்ந்து துரத்துச்சுன்னா நடுவுல கம்பி வலை கட்டி, ஒன்னை ஒன்னு பார்க்கலாம் ஆனா தொட முடியாதுங்கிற மாதிரி ஒரு வாரம் பத்து நாள் விடுங்க. உண்மையைச் சொன்னா இதை வாங்கின அன்னைக்கே பண்ணியிருக்கணும், சீக்கு ஏதாவது இருந்தாலும் அந்த நாள்ல தெரிஞ்சிருக்கும்.

இந்த யார் யாரைக் கொத்தலாம்ங்கிற வரிசை இருக்கே, அதை முதல்ல ஒழுங்கா எழுதி வச்சவர் நார்வே நாட்டு விலங்கியல்காரர் தோர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எப்பே, சின்னப் பையனா இருக்கும்போதே கோழிகளைப் பார்த்துக் குறிச்சு வச்சவர், 1922ல கட்டுரையா போட்டார். வரிசை முடிவாயிட்டா சண்டை குறையும், தலைவி ஒரு பார்வை பார்த்தாலே மத்தது ஒதுங்கிடும். அதனால மண்டையில ரெண்டு கொத்து, கொஞ்ச தூரம் துரத்தல், இதுக்கெல்லாம் நீங்க நடுவுல போய் பஞ்சாயத்து பண்ணாதீங்க.

நீங்க பார்க்க வேண்டியது சாப்பாட்டை. தீவனத் தட்டு ஒன்னே ஒன்னு இருந்தா தலைவி அதுக்கு முன்னாடி காவல் நிப்பா, ரெண்டு மூணு தட்டை தள்ளித் தள்ளி வச்சா எத்தனைக்குத்தான் காவல் நிப்பா. தண்ணியும் அப்படித்தான். ஒரு சாய்ச்சு வச்ச பலகை, ஒரு கவுத்துப் போட்ட பெட்டி, இந்த மாதிரி ஓடி மறைய இடம் வேணும், ஆனா போற வழி வர்ற வழி ரெண்டும் இருக்கணும், ஒரே வாசல் மூலையா இருந்தா அதுவே பொறி. இடமும் முக்கியம், கூண்டுக்குள்ள ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளிய மேய 10 சதுர அடியாவது விடுங்க.

நான் பட்டதையும் சொல்றேன். ராத்திரி இருட்டுல நைசா உள்ள விட்டா காலையில பழகிடும்னு யாரோ சொன்னதைக் கேட்டு ஒத்தைக் கோழியை கொண்டுபோய் கட்டையில உக்கார வச்சேன். விடிஞ்சு பார்த்தா கொண்டை நுனியில கடுகு சைஸுல ஒரு ரத்தப் பொட்டு, அதைப் பார்த்துப் பார்த்தே மத்தது எல்லாம் அங்கயே கொத்துது, அதுலயும் அதிகமா கொத்துனது தலைவி இல்ல, அதுவரைக்கும் எல்லார்கிட்டயும் அடி வாங்கிட்டு இருந்த கடைசி கோழி! சிவப்பைக் கண்டா கோழி விடாது. புதுசை ஒத்தையா விடக் கூடாதுன்னும் அன்னைக்குத்தான் புரிஞ்சுது, நீங்க ரெண்டா வாங்குனது நல்லதாப் போச்சு.

கேள்வி: ஒரு கோழிக்கு முதுகுல இறகே இல்ல. மத்ததுங்க பிடுங்குது. இதுவும் அதே வரிசைச் சண்டையா?

பதில்: இல்லைங்க. வரிசைச் சண்டை பெரும்பாலும் தலைக்குத்தான் போகும். முதுகு, வால் பக்கம் இறகைப் பிடுங்கித் திங்குதுன்னா அது வேற சமாச்சாரம். சேவல் இருக்கா? இருந்தா முதல்ல அதைச் சந்தேகப்படுங்க, பிடிச்ச பெட்டை மேலயே திரும்பத் திரும்ப ஏறி முதுகை வழிச்சிடும். சேவல் இல்லைன்னா தீவனத்தைப் பாருங்க. முட்டைக்கோழித் தீவனத்துல புரதம் 16 சதவீதம் போல இருக்கும், ஆசையா நாம தானியத்தை அள்ளி அள்ளிப் போட்டா வயிறு அதுலயே ரொம்பி புரதம் குறைஞ்சிடும், அப்புறம் இறகுதான் பலகாரம். ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய் கட்டையோட அடிப்பக்கம், இடுக்கெல்லாம் செள்ளு இருக்கான்னு பாருங்க, சிவப்புச் செள்ளு பகல்ல அங்கதான் ஒளிஞ்சிருக்கும், இருட்டினா வந்து ரத்தம் உறிஞ்சும். சும்மா அடைஞ்சு கிடக்கிற கோழியும் பிடுங்கும், ஒரு கட்டு கீரையை எட்டிக் கொத்துற உயரத்துல தொங்க விடுங்க. புது இறகு முளைக்கிறப்ப குருத்துல ரத்தம் ஓடும், அந்த சமயத்துல மட்டும் அதைத் தனியா வைக்கிறது தப்பில்ல.

கேள்வி: சாதுவா இருந்த கோழி திடீர்னு முட்டை எடுக்கப் போனா கையைக் கொத்துது, பக்கத்துல எந்தக் கோழி வந்தாலும் சிலிர்த்துக்குது. என்ன ஆச்சு?

பதில்: அடைக்கு உக்காந்திருக்கும், வேறென்ன. குஞ்சு வேணும்னா கருவுள்ள முட்டையா வச்சு 21 நாள் விட்டுடுங்க. வேணாம்னா அடியில காத்துப் போற கம்பிக் கூண்டுல, வைக்கோல் எதுவும் போடாம, தீவனம் தண்ணி மட்டும் வச்சு மூணு நாலு நாள் உக்கார வைங்க. கையுறை போட்டுட்டுத் தூக்குங்க.