அலுமாரித் திறப்பு யாரிடம்?

வணக்கம்.

ஒக்டோபர் வாசிப்பு மாதத்தை முன்னிட்டு எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் எமது மண்ணின் எழுத்தாளர்களுக்கு விழா எடுப்பதென நிர்வாகசபை தீர்மானித்துள்ளது. படத்திறப்பு, நினைவுப்பேருரை, பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி என்பன நிகழ்ச்சிகள். யாரைத் தெரிவுசெய்யலாம், இதனால் வாசிப்பு வளருமா என்று தங்கள் கருத்தை அறிய விரும்புகிறோம்.

செயலாளர், வலிகாமம்

*

அன்புள்ள செயலாளருக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். படத்திறப்பினால் வாசிப்பு வளர்ந்ததை நான் கண்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்தில், 'ஈழத்து எழுத்தாளர்' என்று எழுதி ஒட்டிய கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒரு சிறுகதைத் தொகுதியைக் கேட்டேன். திறப்பு வைத்திருப்பவர் அன்று லீவு என்றார்கள். மறுவாரம் போனபோது நூல் கைக்கு வந்தது. முதற்பக்கத்தில் ஆசிரியரின் கையொப்பம் இருந்தது. பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த திகதித் தாளில் ஒரு முத்திரைகூட இல்லை. நடுப்பக்கங்களை இராமபாணப் பூச்சி மட்டும் ஒழுங்காக வாசித்து முடித்திருந்தது. வாசலில் அதே ஆசிரியரின் படம் மாலையோடு தொங்கியது.

பூட்டி வைத்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். கே. எம். செல்லப்பா 1933இல் தம் வீட்டிலேயே தொடங்கிவைத்த முயற்சி, அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகமாகி, 1981ஆம் ஆண்டு ஜூன் தொடக்கத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்துபோனதைக் கண்ட ஊர் இது. எஞ்சிய ஒற்றைப் பிரதியை இரவல் கொடுக்க எங்களுக்குக் கை வராது. ஆயினும் அந்த நூலகத்துக்கு ஆலோசனை வழங்கிய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. ஒற்றைப் பிரதியை உசாத்துணைப் பகுதியில் பத்திரப்படுத்துங்கள். அச்சிலுள்ள நூலென்றால் இன்னும் இரண்டு பிரதிகள் வாங்கிப் பிள்ளைகளின் கை எட்டும் தட்டில் வையுங்கள். அச்சில் இல்லாதவற்றில் கணிசமானவற்றை 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' என்ற இணையத் தளத்தில் வாசிக்கலாம்; வாசிகசாலையில் ஒரு கணினி இருந்தால் போதும். சட்டமிட்ட படத்துக்கும் பொன்னாடைகளுக்கும் ஒதுக்கிய காசைக் கணக்குப் பாருங்கள், பிரதிகளுக்குக் காணும்.

இனி, யாரை என்பது. பிள்ளைகளுக்கு அளவெட்டிக் கவிஞர் மஹாகவியிலிருந்து தொடங்குவேன். அவருடைய குறும்பாக்கள் ஐந்தே அடி; எதுகையும் நையாண்டியும் சேர்ந்து ஓடுவதால் ஒருமுறை கேட்ட பிள்ளை மறுமுறை தானே சொல்லும். பெரியவர்களுக்கு டொமினிக் ஜீவா. சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டுப் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர், முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே எழுதி, 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, பிரதிகளைத் தாமே தெருத்தெருவாகச் சுமந்து விற்றார். இன்று அவருக்குப் பேருரை நிகழ்த்துவது எளிது. அன்று அந்தத் தொழிலையும் சாதியையும் சொல்லி அவரை ஒதுக்கியவர்களும் இந்த ஊர்க்காரர்தாம் என்பதை உங்கள் பேச்சாளர் விட்டுவிடாமல் சொல்ல வேண்டும். அந்த வரலாற்றோடு சேர்த்துக் சாதிக் கொடுமையைச் சொல்லும் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலையும் இரவல் தட்டில் வைக்கலாம். இவர்களுக்கு அப்பால், உங்கள் ஊரிலேயே ஒரு நூலாவது அச்சிட்டவர் இருப்பார். பிரதிகள் அவர் வீட்டுப் பரணில் கட்டோடு கிடக்கும். அவர் உயிரோடிருந்தால் முதல் அழைப்பு அவருக்கே போகட்டும்.

பேச்சுப்போட்டியைக் கைவிடுங்கள். ஆசிரியரோ தாயோ எழுதிக்கொடுத்ததைப் பிள்ளை மனனம் செய்து ஒப்புவிக்கும். பரிசு எழுதியவருக்கே உரியது. அதற்குப் பதிலாக ஒரு கதையைப் பிள்ளைகள் பக்கம் பக்கமாக மாறி மாறி உரத்து வாசிக்கட்டும். தடுக்கி விழுந்து வாசிக்கும் பிள்ளையைத் திருத்தாமல் விடுங்கள். பக்கத்திலிருக்கும் பிள்ளை மெல்லச் சொல்லிக்கொடுக்கும். எழுத்து மங்கலாகத் தெரியும் முதியவர்களையும் கேட்க வரச்சொல்லுங்கள். கதையில் வரும் வயலும் ஒழுங்கையும் அவர்கள் நடந்த இடங்கள். வாசிப்பை இடைமறித்துக் கதை சொல்லத் தொடங்குவார்கள், சொல்லட்டும்.

என்னையும் அழைக்க எண்ணியிருந்தால் பேச்சுக்கு வேண்டாம். ஒரு கதையை வாசிக்க வருகிறேன். ஒலிபெருக்கி தேவையில்லை, இருபது பிள்ளைகளுக்கு என் குரல் காணும்.

அன்புடன்.