ஷூ கொண்டுவந்தவர்

கேள்வி: களத்தில் இறங்கி ஆடாத ஒருவரால் ஒரு இறுதிப்போட்டியின் முடிவே மாறியது உண்டா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: உண்டு. அவர் பெயர் ஏப் கோஹென். தொழில் தையல். 1934 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் நடந்த என்.எஃப்.எல். (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்; நம்ம ஊர் கால்பந்து இல்லை) இறுதிப்போட்டியைப் பற்றி யார் கேட்டாலும், ஆட்டக்காரர்களுக்கு முன்னால் இவரைத்தான் சொல்வேன்.

நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிராக வந்தது சிகாகோ பேர்ஸ். அந்த சீசனில் ஆடிய 13 ஆட்டங்களிலும் ஜெயித்த அணி; ஜயண்ட்ஸையே இரண்டு முறை தோற்கடித்திருந்தது. முந்தின ராத்திரி பெய்த மழை உறைந்து, தரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஃபுட்பால் ஷூவின் அடியில் இருக்கும் குமிழ்கள் மண்ணில் இறங்கினால்தான் பிடிப்பு. இறுகிய பனியில் அவற்றின் நுனி மட்டும்தான் தரையில் படும். ஓடித் திரும்பினால் ஆள் சறுக்கிவிடுவார். கூடைப்பந்து ஷூவின் தட்டையான ரப்பர் அடியோ முழுசாகப் படிந்து நிற்கும். கல்லூரி நாளிலேயே இதைப் பார்த்திருந்த ஜயண்ட்ஸ் வீரர் ரே ஃப்ளாஹெர்டி, கோச் ஸ்டீவ் ஓவனிடம் சொன்னார். சரி, ஷூவுக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை, கடைகள் திறக்கவில்லை.

கோஹென் ஜயண்ட்ஸுக்கு மட்டுமல்ல, மன்ஹாட்டன் கல்லூரி அணிகளுக்கும் வேலை பார்த்தவர். அங்கே கூடைப்பந்து ஷூக்கள் இருப்பது அவருக்குத் தெரியும். டாக்ஸி பிடித்துப் போய், கிடைத்ததை அள்ளிக்கொண்டு இடைவேளை வாக்கில் திரும்பினார்.

அப்போது பேர்ஸ் 10–3 என்று முன்னிலை. அப்புறம் 13–3 ஆனது. கடைசிக் கால்பகுதியில் ஜயண்ட்ஸ் மட்டும் 27 புள்ளிகள் குவித்தது! கென் ஸ்ட்ராங் 42 கெஜம் ஓடி ஒரு டச் டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது) போட்டார். முரட்டு பலம் கொண்ட ப்ரான்கோ நகுர்ஸ்கி அணியில் இருந்தும் பேர்ஸால் தடுக்க முடியவில்லை. முடிவு 30–13.

‘ஷூவா ஜெயித்தது, ஆட்டக்காரர்கள்தானே’ என்பவர்கள் உண்டு. ஸ்ட்ராங் அபாரமான ஆட்டக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆட்கள்தான் முதல் பாதி முழுக்க ஆடி 3 புள்ளி எடுத்தார்கள்.

ஜயண்ட்ஸ் இதை மறக்கவில்லை. 1956 டிசம்பர் 30, யாங்கீ ஸ்டேடியம்; அதே இரு அணிகள், மறுபடி உறைந்த தரை. இந்த முறை ஜயண்ட்ஸ் வீரர் ஆண்டி ரோபஸ்டெல்லி தன்னுடைய விளையாட்டுச் சாமான் கடை வழியாக முன்கூட்டியே ஷூ ஏற்பாடு செய்துவிட்டார். ஜயண்ட்ஸ் 47, பேர்ஸ் 7.